பழைய காரை ஏலத்தில் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் இருபது வருடமாகப் பழைய கார்களோடு பழகி வருகிறேன். 1972 மாடல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தேன், அதை ஏலத்தில் விற்றேன். அப்புறம் நண்பர்கள் நாலைந்து பேர் தங்கள் வண்டியை விற்கப் போனபோது கூடவே போனேன். அன்றிலிருந்து இங்குள்ள நம் ஆட்கள் யாராவது போன் செய்து ஏலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சட்டம், வரி பற்றிச் சொல்வதெல்லாம் பிரிட்டனுக்கு. கமிஷன் விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் போட்டிருக்கும் கணக்கு உதாரணத்துக்காக, உங்கள் எண்களை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

என் வண்டி 1998 மாடல். அதையெல்லாம் கிளாசிக் கார் என்று ஏலத்தில் எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். கிளாசிக் கார் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான வரையறை கிடையாது. சாலை வரி விலக்குக்கு வண்டிக்கு 40 வயது ஆகியிருக்க வேண்டும். எம்ஓடி, அதாவது வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை, அதற்கான விலக்கும் 2018 மே மாதத்திலிருந்து 40 வயது கணக்குதான். ஆனால் கடைசி 30 வருடத்துக்குள் சேஸிஸ், என்ஜின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த விலக்கு கிடைக்காது. ஏல நிறுவனங்கள் இந்த வயதையெல்லாம் பார்ப்பதில்லை. வாங்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். 1980, 90களின் ஜப்பானிய, ஜெர்மன் வண்டிகளுக்கு இன்று நல்ல கூட்டம் சேர்கிறது.

ஏலத்தில் விற்றால் மொத்தம் எவ்வளவு செலவாகும்? ஒரு கமிஷன்தானே?

ஒரு கமிஷனோடு முடியாது. முதலில் பதிவுக் கட்டணம் இருக்கிறது. கேட்டலாகில் இடம், புகைப்படம், விளக்கம் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். வண்டி விற்காவிட்டாலும் அது திரும்பி வராது. அடுத்து விற்பவர் கமிஷன். இது ஏலம் முடிந்த விலையில், அதாவது சுத்தியல் விலையில் ஒரு சதவீதம். இந்த இரண்டின் மேலும் 20 சதவீதம் வாட் வரி உண்டு. ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று படித்துவிட்டு 5 என்றே மனதில் வைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் போவது 6. பிறகு வண்டியை ஏல இடத்துக்குக் கொண்டுபோகும் செலவு, எம்ஓடி, புது பேட்டரி, சுத்தம் செய்வது. சில இடங்களில் காப்பீட்டுக்குத் தனியாகப் பிடிப்பார்கள்.

ஒரு வண்டி 20,000 பவுண்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 5 சதவீதம், வாட்டோடு 1,200. பதிவுக் கட்டணம் 200, வாட்டோடு 240. லாரி வாடகை 300. எம்ஓடி, பேட்டரி, பாலிஷ் எல்லாம் சேர்த்து 350. ஆக 2,090 போய், கையில் 17,910 மிஞ்சுகிறது. அதே வண்டிக்கு வாங்கியவர் கட்டுவதோ 20,000 இல்லை. அவரிடம் 12.5 சதவீதமும் அதன் மேல் வாட்டும் வாங்கினால் 23,000 கட்டுகிறார். அவர் பையிலிருந்து போனதற்கும் உங்கள் கைக்கு வந்ததற்கும் நடுவே 5,090 பவுண்டு. வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் ஏலத்துக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து.

வாங்குபவர் கமிஷனை அவர்தானே கட்டுகிறார்? நமக்கு அதில் என்ன நஷ்டம்?

நேரடியாக நம் பணம் இல்லைதான். ஆனால் ஏலம் கேட்க வருகிறவர் தன் கையில் உள்ள மொத்தத் தொகையை வைத்துத்தான் கேட்கிறார். அவரிடம் 23,000 இருந்தால், மேலே சொன்ன விகிதத்தில் அவரால் 20,000க்கு மேல் கையைத் தூக்க முடியாது. மீதி 3,000 உங்களிடம் வர வேண்டிய பணத்திலிருந்து வெட்டப்பட்டது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அதனால் விற்பவர் கமிஷனே வேண்டாம் என்று ஒரு நிறுவனம் சொன்னால், வாங்குபவரிடம் எத்தனை சதவீதம் வாங்குகிறார்கள் என்று உடனே கேளுங்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்துத்தான் ஒரு இடத்தை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டும்.

செய்தியில் வரும் விலைகளும் வாங்குபவர் கமிஷன் சேர்ந்தவைதான். 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் ஆர்எம் சோத்பிஸ் ஏல நிறுவனம் விற்ற 1962 ஃபெராரி 250 ஜிடிஓவின் விலை 4 கோடியே 84 லட்சத்து 5 ஆயிரம் டாலர் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அன்றைக்கு ஏலத்தில் ஒரு காருக்கு அதுதான் உலக சாதனை. ஆனால் சுத்தி தட்டியது 4 கோடியே 40 லட்சத்தில். ஏலத்துக்கு முன் அவர்கள் போட்டிருந்த மதிப்பீடு 4.5 கோடி முதல் 6 கோடி வரை. அதாவது சாதனை விலை என்று பேசப்பட்ட அந்த வண்டியே, சுத்தியல் விலையில் பார்த்தால், குறைந்தபட்ச மதிப்பீட்டைக்கூடத் தொடவில்லை. உங்கள் வண்டி போன்ற ஒன்று போன மாதம் இவ்வளவுக்குப் போனது என்று யாராவது சொன்னால், அது கமிஷன் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

ரிசர்வ் விலை என்றால் என்ன? எவ்வளவு வைப்பது?

அதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று நீங்களும் ஏல நிறுவனமும் எழுத்தில் ஒத்துக்கொள்ளும் விலை. ஏலம் கேட்பவர்களுக்கு அது தெரியாது. வழக்கமாகக் குறைந்தபட்ச மதிப்பீட்டுக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோதான் வைக்க விடுவார்கள்.

பலர் செய்வது, மனதில் ஒரு தொகையை நினைத்து அதையே ரிசர்வாகச் சொல்லிவிடுவது. அப்படிச் செய்யாதீர்கள், கையில் வர வேண்டிய பணத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். உங்களுக்கு 18,000 வேண்டும். மேலே சொன்ன உதாரணத்தில் கமிஷன் தவிர்த்த செலவு 890. இரண்டையும் கூட்டினால் 18,890. இது, 6 சதவீதம் போன பிறகு மிஞ்ச வேண்டிய தொகை. 0.94ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20,100. அதுதான் உங்கள் ரிசர்வ். அந்த விலைக்கு வண்டி போகாது என்று ஏல நிறுவனம் சொன்னால், அந்தப் பேச்சு கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது நல்லதுதானே.

இன்னொன்று, ரிசர்வில் விருப்ப உரிமை என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கலாம். ரிசர்வுக்கு 5 அல்லது 10 சதவீதம் கீழே ஏலம் நின்றாலும் உங்களைக் கேட்காமலேயே விற்றுவிட அது அனுமதி தரும். வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதைப் பற்றிச் சொல்லி நான் இரண்டு பேரைக் காப்பாற்றியிருக்கிறேன்.

வண்டியைப் பார்த்த ஏல நிறுவனத்துக்காரர் 25,000 முதல் 30,000 வரை போகும் என்றார். நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வண்டி அவர் கேட்டலாகில் வர வேண்டும் என்பது அவர் வேலை. நாலு இடத்தில் கேட்டால் அதிகம் சொன்னவரிடம்தான் பலரும் கொடுப்பார்கள், அது அவர்களுக்கும் தெரியும். கையெழுத்து ஆன பிறகு, ஏலத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போன் வரும்: ‘பெரிதாக ஆர்வம் தெரியவில்லை, ரிசர்வைக் கொஞ்சம் இறக்கலாமா?’ அந்த நேரத்தில் வண்டி அவர்கள் கிடங்கில் இருக்கும், பதிவுக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், மனம் தளர்ந்துவிடும்.

மதிப்பீடு சொல்கிறவரிடம், கடைசி ஒரு வருடத்தில் இதே மாடல், இதே நிலையில் நீங்கள் விற்றவை எத்தனை, விற்காமல் போனவை எத்தனை என்று கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து நீங்களே பார்த்துவிடலாம். 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஊலன்ஹாட் கூப்பே 13.5 கோடி யூரோவுக்குப் போனதைச் சொல்லி உங்கள் 280எஸ்எல்லுக்கு விலை ஏற்றுகிறவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த ஊலன்ஹாட் கூப்பேயில் செய்ததே இரண்டு வண்டிதான்.

ரிசர்வே இல்லாமல் விட்டால் கூட்டம் சேர்ந்து விலை ஏறுமாமே?

சில சமயம் ஏறும். இன்றைக்கு இந்த வண்டி கட்டாயம் யாரோ ஒருவருக்குப் போகும் என்று தெரிந்தால் சும்மா வந்தவர்கூடக் கையைத் தூக்குவார். அமெரிக்காவில் இந்த முறை வெகு சகஜம். ஆனால் மழை நாளில், கடைசி வரிசை எண்ணில், அரங்கம் பாதி காலியான பிறகு உங்கள் வண்டி வந்தால் கேட்ட விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எவ்வளவு வந்தாலும் சரி என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். மூன்று பேர் பங்கு கேட்கும் குடும்ப வண்டிக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

அரங்கில் யாருமே கையைத் தூக்காதபோதும் விலை ஏறிக்கொண்டே போனது. இது மோசடி இல்லையா?

ரிசர்வ் வரைக்கும் விற்பவர் சார்பாக ஏலம் விடுபவரே விலையை ஏற்றிக்கொண்டு போவது இங்கே பழக்கம். அதைத்தான் பார்த்திருப்பீர்கள். இதற்கு 1979 சரக்கு விற்பனைச் சட்டத்தின் 57ஆவது பிரிவில் வழி இருக்கிறது: அப்படிக் கேட்கும் உரிமை உண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். கேட்டலாகின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும்.

அந்த அறிவிப்பு இல்லாமல் விற்பவர் தானோ ஆள் வைத்தோ கேட்டால் சட்டவிரோதம். ‘அண்ணே, என் மச்சானை ஒரு ஓரமாக உட்கார வைத்து விலையை ஏற்றச் சொல்லட்டுமா?’ என்று ஒருவர் என்னிடமே கேட்டார். வேண்டவே வேண்டாம். வாங்கியவருக்குத் தெரிந்தால் விற்பனையே ரத்தாகும், வழக்கும் வரும். மச்சான் கேட்ட விலையிலேயே சுத்தி தட்டிவிட்டால் உங்கள் வண்டியை நீங்களே இரண்டு பக்கமும் கமிஷன் கட்டி வாங்கியதாக முடியும்.

வண்டி விற்கவில்லை. பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லையே, அடுத்த மாதம் வேறு இடத்தில் போடலாம்தானே?

போடலாம், ஆனால் நஷ்டம் இல்லை என்று சொல்ல முடியாது. பதிவுக் கட்டணமும் லாரி வாடகையும் போச்சு. திரும்ப எடுத்து வர இன்னொரு வாடகை. சொன்ன நாளுக்குள் எடுக்காவிட்டால் கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறும். விற்காவிட்டாலும் ரிசர்வ் விலையில் ஒரு சதவீதம் கட்ட வேண்டும் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய நஷ்டம், விற்காமல் போன செய்தி இணையத்தில் நிலைத்து நிற்பது. இந்தத் தேதியில், இந்த இடத்தில், இவ்வளவு வரை கேட்டும் விற்கவில்லை என்பதை வண்டி எண்ணைத் தட்டினால் யாரும் பார்த்துவிடலாம். அடுத்து வருகிறவர் அந்த விலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார். அதனால் நான் எல்லோரிடமும் ஆறு மாதமாவது விட்டுப் பிறகு வேறு ஊரில் போடச் சொல்கிறேன்.

ஏலம் ரிசர்வுக்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தால் அன்றே போன் வரும். அதிகம் கேட்டவரோடு பேசி நடுவில் ஒரு விலைக்கு முடிக்கப் பார்ப்பார்கள். அப்போது உங்கள் பக்கமும் ஒரு பலம் இருக்கிறது. விற்காவிட்டால் அவர்களுக்கும் இரண்டு பக்கக் கமிஷன் போகிறது. நான் கூடப் போன ஒருவர் அந்த நேரத்தில் தன் கமிஷனைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிக் கேட்டார், கொடுத்தார்கள்.

ஏலம் முடிந்த மறுநாள் ஒருவர் வீட்டுக்கே வந்து நேரடியாகக் கேட்கிறார். கமிஷன் இல்லாமல் கொடுத்துவிடலாமா?

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். ஏலத்துக்குப் பிறகும் குறிப்பிட்ட காலத்துக்குள், அவர்கள் ஏலத்தின் மூலம் வண்டியைப் பற்றித் தெரிந்துகொண்டவருக்கு விற்றால் கமிஷன் உண்டு என்று வழக்கமாக எழுதியிருப்பார்கள். சில ஒப்பந்தங்களில் வாங்குபவர் தர வேண்டிய கமிஷனையும் சேர்த்து உங்களிடமே கேட்பார்கள். அந்தக் காலம் முடியும் வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் அவர்கள் மூலமாகவே முடித்துவிடுங்கள்.

ஏலத்துக்கு முன் புது பெயிண்ட் அடித்து, சீட் மாற்றி அழகாக்கினால் விலை கூடுமா?

பெயிண்டுக்குப் போட்ட காசு திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. புதுப் பெயிண்டைப் பார்த்தால் கீழே துரு இருக்கிறதோ என்றுதான் விவரம் தெரிந்தவர்கள் காந்தத்தை வைத்துத் தட்டிப் பார்க்கிறார்கள். பழைய பெயிண்ட் கொஞ்சம் மங்கியிருந்தாலும் அதையே விரும்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஓட்டத்துக்கு வேண்டியதைச் சரிசெய்யுங்கள்: பேட்டரி, பிரேக், குளிர்ந்தாலும் சூடானாலும் ஸ்டார்ட் ஆவது, எண்ணெய் ஒழுக்கு.

சூடானாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் எம்ஜிபியை ஏல நாள் காலையில் வந்தவர்களுக்கு ஸ்டார்ட் செய்து காட்டினார்கள். நன்றாக ஓடியது. மதியம் வரிசையில் நின்று, பத்துப் பத்து அடியாக நகர்ந்து நகர்ந்து என்ஜின் சூடேறி, அரங்க வாசலுக்கு வந்ததும் அணைந்துவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. கார்புரேட்டர் சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும் பழைய தொல்லை அது. ஏப்ரன் கட்டிய இரண்டு பையன்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், காலையில் பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் பார்த்தவர், கேட்டலாகை மூடி மடியில் வைத்தார். ஒன்றரை நிமிடம்தான் மொத்த ஏலமும். ரிசர்வ் 8,000, விற்றது 8,200. ஸ்டார்ட் ஆகியிருந்தால் அவரும் கேட்டிருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

அப்பா இறந்துவிட்டார். லாக்புக் அவர் பெயரில் வீட்டில் இருக்கிறது. அதை வைத்து நான் விற்கலாமா?

லாக்புக், அதாவது வி5சி, உரிமைப் பத்திரம் இல்லை. அதன் மேலேயே அப்படி அச்சடித்திருக்கிறார்கள். வண்டிக்குப் பொறுப்பாளர் யார் என்பதைத்தான் அது சொல்லும். வண்டி உங்களுடையது என்பதற்கு வாங்கிய ரசீது வேண்டும். இறந்தவர் வண்டி என்றால் உயிலை நிறைவேற்றுபவர் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா, அண்ணன், தங்கை யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்பதை முதலில் எழுதி வாங்கிவிடுங்கள். ஏலத்தில் விற்கும்போது இது என் வண்டி, இதன் மேல் கடன் இல்லை என்று நீங்கள் உறுதி கொடுக்கிறீர்கள். பிறகு தகராறு வந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது நீங்கள்தான்.

வண்டி எண்ணை நினைவாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் விற்பனைக்கு முன்னாலேயே வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவில் 80 பவுண்டு கட்டி உங்கள் பெயருக்கு எடுத்துவிட வேண்டும். சுத்தி தட்டிய பிறகு கேட்டால் எண் வண்டியோடு போய்விடும். ஆனால் பிறந்ததிலிருந்து கூடவே இருந்த எண்ணைக் கழற்றினால் வண்டி மதிப்பு கொஞ்சம் குறையும், அதையும் யோசியுங்கள்.

கேட்டலாகில் எழுதுவது ஏல நிறுவனம். அதில் தப்பு இருந்தால் என் தலையில் எப்படி விழும்?

அவர்கள் எழுதினாலும் நீங்கள் கொடுத்த தகவலை வைத்துத்தான் எழுதுகிறார்கள், அது சரியானது என்று நீங்கள் கையெழுத்தும் போட்டிருக்கிறீர்கள். ஏலத்தில் பழைய வண்டியை இருக்கிற நிலையிலேயே விற்கிறார்கள் என்பது உண்மை. கிளட்ச் தேய்ந்திருந்தது என்று யாரும் திரும்பி வர முடியாது. ஆனால் தவறான தகவல் சொல்லி விற்றால் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதன்படி இழப்பீடு கேட்கலாம், விற்பனையை ரத்து செய்யவும் கேட்கலாம்.

நண்பர் ஒருவருடைய ஜாகுவார் இ டைப்புக்கு இப்படி நடக்க இருந்தது. கேட்டலாக் வரைவில் ‘எண்கள் பொருந்தியவை’ என்று இருந்தது. அதாவது தொழிற்சாலையில் போட்ட என்ஜின் இன்னும் அதே வண்டியில் இருக்கிறது என்று அர்த்தம். அவர் வாங்கியபோது டீலர் விளம்பரத்தில் இருந்த வரியை அப்படியே கொடுத்திருந்தார். ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்டிலிருந்து சான்றிதழ் வரவழைத்திருந்ததால் சரிபார்க்க முடிந்தது. டார்ச் அடித்து, எண்ணெய் ஃபில்டருக்கு மேலே சிலிண்டர் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணை துணியால் துடைத்துப் படித்தோம். கடைசியில் இருக்கும் 9 கம்ப்ரஷன் விகிதம், அதை விட்டுவிட வேண்டும். மீதி எண்கள் சான்றிதழோடு சேரவில்லை. எப்போதோ என்ஜின் மாற்றியிருக்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, ‘அதே காலத்து மாற்று என்ஜின்’ என்று போடச் சொன்னோம். மதிப்பீடு இறங்கியது, நண்பருக்கு வருத்தம். விற்ற பிறகு தெரிந்திருந்தால் முழுப் பணமும் போயிருக்கும்.

எம்ஜி, மோரிஸ், ஆஸ்டின் வண்டிகளுக்கு கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இதேபோல் சான்றிதழ் தருகிறது. மைல் கணக்கும் அப்படித்தான். பழைய எம்ஓடி தாள்கள் வரிசையாக இல்லையென்றால், மைல் மீட்டர் காட்டுவதை உறுதி சொல்ல முடியாது என்று எழுதச் சொல்லுங்கள்.

சுத்தி தட்டியாச்சு, கைத்தட்டலும் ஆச்சு. வாங்கினவர் பணம் கட்டவில்லை என்றால்?

சுத்தி தட்டியதுமே விற்பனை சட்டப்படி முடிந்துவிட்டது. அதற்கு ஒரு நொடி முன்பு வரை கேட்டவர் பின்வாங்கலாம், பிறகு முடியாது. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் ஏல நிறுவனம் தன் பணத்தை எடுத்துத் தராது. வாங்கியவர் கட்டினால்தான் உங்களுக்கு வரும். கட்டினாலும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரை ஆகலாம். அந்தப் பணத்தை நம்பி வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பணம் முழுதும் வரும் வரை வண்டியை வெளியே விட மாட்டோம் என்பது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிறுவனமே மூழ்கிப் போனால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்கிறார்கள். விற்ற பணத்தைத் தனி வாடிக்கையாளர் கணக்கில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் நான் அங்கே கொடுக்க மாட்டேன்.

வண்டி அவர்கள் கிடங்கில் இருக்கும்போது இடித்துவிட்டால், தீப்பிடித்தால்?

ஒப்படைக்கும் நாளில் நாலு பக்கமும், உள்ளேயும், அடியிலும் தேதியோடு படம் எடுங்கள். உங்கள் காப்பீட்டை நிறுத்தாதீர்கள். கார் அவர்கள் கையில் இருக்கும்போது, அவர்கள் ஆள் ஓட்டும்போது காப்பீடு செல்லுமா என்று உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஏல நிறுவனத்தின் காப்பீடு எந்த மதிப்புக்கு என்பதும் முக்கியம். ரிசர்வ் விலைக்கா, அதற்கும் குறைவாகவா என்று பாருங்கள்.

ஏலம் விடுபவரே தப்பு செய்தால்?

நடக்கும். 2019 ஆகஸ்டில் அதே மான்டரேயில் 1939ஆம் ஆண்டு போர்ஷே டைப் 64 ஏலத்துக்கு வந்தது. தொடக்க விலையாக மேடையில் 1.3 கோடி டாலர் என்று சொன்னது திரையில் 3 கோடி என்று விழுந்தது. பிறகு ஒவ்வொரு ஏலமும் திரையில் அப்படியே பெரிதாகிப் போய் 7 கோடி வரை காட்டியது. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. பிறகு அது 1.7 கோடிதான் என்று திருத்தினார்கள். அரங்கில் கூச்சல், பலர் எழுந்து போனார்கள், வண்டி விற்கவில்லை. உலகம் முழுக்கப் பேசிய வண்டிக்கே இந்தக் கதி. உரிமையாளர் அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

இணைய ஏலத்தில் கமிஷன் ரொம்பக் குறைவாமே? அங்கேயே போட்டுவிடலாமே?

செலவு குறைவுதான். பல தளங்களில் விற்பவருக்குச் சின்னக் கட்டணம், வாங்குபவருக்கு ஐந்து ஆறு சதவீதம், அதற்கும் ஒரு உச்சவரம்பு. வண்டி உங்கள் வீட்டிலேயே இருக்கும், எனவே லாரி வாடகையும் கிடங்கும் இல்லை. அமெரிக்காவில் பிரிங் எ டிரெய்லர் என்ற இணையதளம் 2014இல் ஏலம் தொடங்கிய பிறகு இந்த வழி நன்றாக வளர்ந்துவிட்டது.

ஆனால் வேலை முழுக்க உங்கள் தலையில். நூறு நூற்றைம்பது படம் எடுக்க வேண்டும், குளிர் ஸ்டார்ட் வீடியோ எடுக்க வேண்டும், ஏழு நாளும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கதவின் கீழ் விளிம்பில் பெயிண்டில் ஒரு குமிழ் தெரிந்தால் பத்துப் பேர் அதையே பேசுவார்கள். கோபப்படாமல், மறைக்காமல் உடனே பதில் சொல்கிறவர்கள் வண்டிக்கு நல்ல விலை வருகிறது. அதற்கு நேரம் இருப்பவர்களுக்கு, முப்பதாயிரத்துக்குக் கீழே உள்ள வண்டிகளுக்கு, நான் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

எந்த மாதம் விற்பது நல்லது?

கூரை திறக்கும் வண்டி என்றால் மார்ச் முதல் ஜூன் வரை. மற்றவற்றுக்கு மாதத்தைவிட எந்த ஏலம் என்பது முக்கியம். உங்கள் வண்டி மாதிரி வண்டிகளை வாங்குகிறவர்கள் அங்கே வருகிறார்களா என்று பாருங்கள். ஒரே ஏலத்தில் உங்கள் மாடலிலேயே மூன்று இருந்தால் கேட்டு அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளுங்கள். வைத்திருந்தால் விலை ஏறிக்கொண்டே போகும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1980களின் கடைசியில் பறந்த விலைகள் 1990களின் தொடக்கத்தில் அடியோடு சரிந்தன, அந்த உயரத்தைத் திரும்பப் பார்க்கப் பல வண்டிகளுக்குப் பல வருடம் ஆனது.

அமெரிக்காவில் விலை அதிகம். அங்கே அனுப்பி விற்றால்?

25 வயது தாண்டிய வண்டியை அங்கே கொண்டுபோக சட்டத் தடை குறைவு. கப்பல் வாடகை, காப்பீடு, சுங்கம், அங்கே ஒரு லாரி என்று கணக்கு நீளும். விற்காமல் போனால் அதே செலவு திரும்பி வரவும் உண்டு, டாலர் பவுண்டு மாற்று விகிதமும் நடுவில் நகரும். விலை வித்தியாசம் கால் பங்குக்கு மேல் இல்லாவிட்டால் நான் அனுப்ப மாட்டேன்.

லாபத்துக்கு வரி உண்டா?

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பயணிகள் காருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, பத்து மடங்கு விலைக்குப் போனாலும் சரி. ஆனால் வருடத்துக்கு நாலு வண்டி வாங்கி விற்றால் அதை வியாபாரம் என்று சொல்லி வருமான வரி கேட்கலாம். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய வண்டி என்றால் கணக்காளரைப் பார்க்காமல் ஏலத்துக்குக் கொடுக்காதீர்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இப்போது விற்க மனம் வரவில்லை. வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?

வாங்கலாம், கட்டணம் உண்டு. குறைந்தபட்ச மதிப்பீட்டில் ஒரு சதவீதம் கேட்பார்கள். சிலர் இரண்டு பக்கக் கமிஷனையும் கேட்பார்கள். கேட்டலாக் அச்சாகும் முன் சொன்னால் பேசிக் குறைக்க வாய்ப்பு இருக்கிறது, அதனால் மனம் மாறிய அன்றே போன் செய்யுங்கள். மாமனாரின் மோரிஸ் மைனரை ஏலத்துக்குக் கொடுத்த ஒருவர், ஒப்படைத்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர்கள் அலுவலக வாசலில் நின்றார். பதிவுக் கட்டணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார்கள். லாரி கூப்பிடாமல் வீடு வரை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.